அம்மா வண்டி பழகிய விடுமுறை

நான் நாலாம் வகுப்பு முடித்த வருடம் கொடைக்கானல் போவதாக இருந்தது. அப்பாவே சொன்னதுதான். பங்குனிக் கடைசியில் பரீட்சை முடிந்ததும், ஸ்வெட்டர் யாரிடம் இரவல் வாங்கலாம் என்று நான் விசாரித்துக்கொண்டிருந்தபோது, "இந்த லீவுக்கு எங்கயும் போகலத்தா. வீட்டுலயே இருப்போம்" என்றார். காரணம் சொல்லவில்லை. நான் ஒரு வேளை சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். யாரும் கண்டுகொள்ளாததால் அடுத்த வேளை சாப்பிட்டுவிட்டேன்.

அப்பா காரைக்குடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகூட பட்டறைக்குப் போகிறவர், அந்த முறை லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். இரண்டாம் நாள், யாரோ ஓட்டித் தேய்த்த பழைய ஸ்கூட்டி ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அது அம்மாவுக்கு என்றார்.

"என்னய வச்சு ஊரைச் சிரிக்க வைக்கப் போறீகளா?" என்றாள் அம்மா. அவளுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கண்மாயில் அப்போது தண்ணீர் இல்லை. மண் இறுகித் தளம் போல் கிடந்தது. விடிந்ததும் மூவரும் அங்கே போவோம். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியில் உட்காருவாள். அப்பா பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவார். ஆடு மேய்க்க வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நான் அவர்களுக்கு முகம் காட்டாமல் திரும்பி உட்கார்ந்திருப்பேன். கொடைக்கானலில் குதிரைமேல் போயிருக்க வேண்டியவள், கண்மாய்க்குள் உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் அம்மா கருவேலம்புதருக்குள் வண்டியோடு போய் விழுந்தாள். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. அப்பா ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கினார். அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு இது வேணாங்க. எங்கிட்டுப் போகணும்னாலும் நீங்க கூட்டிட்டுப் போறீக. பிறகு எதுக்கு இது?"

அப்பா வண்டியை நிமிர்த்தி, ஹேண்டிலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். அம்மா கண்ணைக் கசக்கினால் எதையும் விட்டுக்கொடுத்துவிடுகிறவர் அவர். அன்றைக்கு, "இன்னொரு தடவை ஏறு" என்று மட்டும் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. அம்மா அவரைச் சற்றுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து ஏறினாள்.

அந்தத் தடவைதான் அவர் கையை எடுத்தார். அம்மாவுக்குத் தெரியாது. பாதிக் கண்மாய் போனபிறகு, "விட்டுறாதீக, விட்டுறாதீக" என்று அவள் சொல்வது கேட்டு, தூரத்தில் நின்றபடியே அப்பா, "பிடிச்சுத்தான் இருக்கேன்" என்று கத்தினார். குரல் வந்த தூரத்தில் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நிறுத்த மறந்துபோய் எங்களைச் சுற்றிச்சுற்றி வந்தாள். "நிப்பாட்டுறது எப்படிங்க?" என்று ஒவ்வொரு சுற்றிலும் கேட்டாள். அப்பா சிரிப்பில் வாய் திறக்க முடியாமல் குந்திவிட்டார். ஆடு மேய்க்கிறவர்கள்தான் பிரேக் பிடிக்கச் சொன்னார்கள். நானும் அன்றுதான் அந்த விடுமுறையில் முதல்முறையாகச் சிரித்தேன்.

சித்திரை நடுவில் என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு அரியக்குடி பெருமாள் கோயிலுக்கு ஓட்டிப் போனாள். அப்பா சைக்கிளில் பின்னால் வந்தார். அம்மா கண்ணாடியில் பார்க்கப் பயந்துகொண்டு, "அவுக வாராகளா பாரு" என்று என்னைக் கேட்டபடியே ஓட்டினாள். நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா ஒரு காலை ஊன்றி, சாலையோரம் நின்றுவிட்டார். கூப்பிடவில்லை. நாங்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நிக்கிறாகம்மா" என்றேன். அம்மா வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினாள்.

பள்ளி திறப்பதற்கு முன்பே அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். விசா வந்தது பரீட்சைக்கு முன்னாலேயாம். அம்மாவுக்குத் தெரிந்தது அந்த முள் பிடுங்கிய காலையில்தானாம், அவர் முகத்தைப் பார்த்தபோது. இருவரும் அதை என்னிடம் சொல்லாமல், எனக்கு ஒரு முழு விடுமுறையைக் கெடாமல் வைத்திருந்தார்கள். பிறகு வந்த வருடங்களில் காய்ச்சலோடு அம்மாவின் முதுகில் சாய்ந்து நான் ஆஸ்பத்திரிக்குப் போனதும், மழையில் டியூஷன் முடிந்து வந்ததும், காளையார்கோவிலில் சித்தி வீட்டு விசேஷத்துக்கு யார் துணையும் இல்லாமல் நாங்கள் இருவரும் போய் இறங்கியதும் அந்த வண்டியில்தான்.

அந்த வருடம் பள்ளி திறந்த அன்று அம்மாதான் என்னை அதில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டாள். வகுப்பில் டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பி, லீவுக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டார். ஊட்டி, மதுரை, ராமேஸ்வரம் என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டே வந்தார்கள். என் முறை வந்தது. நான் எழுந்து நின்று, தலையைக் குனிந்துகொண்டு, "எங்கயும் போகல டீச்சர். வீட்டுலதான் சும்மா இருந்தோம்" என்றேன்.