ஆறு பார்க்கப் போனவர்

காற்சட்டையின் மடிப்பை உதறினால் ஆற்று மணல் கொட்டும். என் கணவர் சைக்கிள் பயணம் போய் வந்த மறுநாள் துணி துவைக்கும்போதெல்லாம் இது நடக்கும். ரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் கணக்கெழுதும் கிளாக்கர் அவர். லீவு கிடைத்தால் போதும், பையைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு மாத்தளைக்கு இறங்கி, சுது கங்கை ஆற்றை ஒட்டியே போய், நாவுல தாண்டி அம்பன் கங்கை வரை மிதிப்பார். சில நாள் கழித்து வெயிலில் கறுத்து, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்புவார். என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "ஆறு பாத்தேன்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அது எண்பதுகளின் கடைசி, கிளர்ச்சிக்காரர்களை இராணுவம் வேட்டையாடிய காலம். இளைஞர்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். ஆற்றில் என்ன மிதந்து வருமோ என்று குளிக்கக்கூட ஆட்கள் இறங்காத காலத்தில், ஒருவர் ஆறு பார்க்கப் போகிறார் என்றால் யார் நம்புவது? பெக்டரியில் அவரைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள். கிளர்ச்சிக்காரருக்குச் சேதி கொண்டுபோகிறார் என்றார்கள் சிலர். இராணுவத்துக்கு உளவு சொல்கிறார் என்றார்கள் வேறு சிலர். என் மாமியாரின் நினைப்பு இன்னொரு பக்கம் ஓடியது. "அங்கிட்டு ஒரு குடும்பம் வச்சிருக்கானோ என்னமோ. எதுக்கும் ஒருவாட்டி கூடப் போயிப் பாரும்மா." எனக்கு மூன்றுமே நடக்கக்கூடியதாகத்தான் பட்டது.

அடுத்த லீவுக்கு நானும் வருகிறேன் என்றேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். "வாயேன்" என்றார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதும் சந்தேகமாகவே இருந்தது. நான் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகும் லேடீஸ் சைக்கிளில் அவர் பின்னாலேயே போனேன். வழியில் ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர் அவரைப் பார்த்துச் சிரித்தால்கூட, எதற்குச் சிரிக்கிறார் என்று யோசித்தேன்.

நாவுலைக்கு அப்பால் இராணுவம் மறித்தது. பைகளைத் தரையில் கொட்டினார்கள். அவரை ஒரு மரத்தடிக்கும் என்னை எதிர்ப்பக்கத்துக்கும் கொண்டுபோய்த் தனித்தனியாக விசாரித்தார்கள். என்னிடம் வந்த சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார்.

"ஒன் புருஷன் எங்க போறான்?"

அங்கே அவர் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாரோ, தெரியாது. இரண்டு பேர் பதிலும் ஒத்துவராவிட்டால் அவரை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சொல்வதற்கு என்னிடம் இருந்ததோ, நானே நம்பாத அந்த ஒன்றுதான்.

"ஆறு பாக்கப் போறாருங்க, சேர்."

"ஆத்துல என்ன இருக்கு?"

"தண்ணிதாங்க, சேர்."

சார்ஜன்ட் திரும்பி, அவன் என்ன சொல்கிறான் என்று மரத்தடியில் நின்ற சிப்பாயிடம் கேட்டார். "ஆறு பாக்கன்னுதான் சொல்றான், சேர்." இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போகச் சொன்னார்கள். தரையில் கிடந்ததையெல்லாம் அள்ளிப் பைகளில் திணித்தேன். துப்பாக்கிக்கு முன்னாலும் அவர் என்னிடம் சொன்னதையேதான் சொல்லியிருக்கிறார்.

பிற்பகலில் அம்பன் கங்கைக் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மருத மரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தண்ணீரில் காலை விட்டபடி மணலில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் தண்ணீரை விட்டு விலகும்வரை யாரும் வரவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீதியில் ஹெல்மெட் போட்ட பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் போகிறார்கள். அவர்களை யாரும் நிறுத்துவதில்லை. வயதாகிப்போன நாங்கள் பஸ்ஸில்தான் போகிறோம்; ஜன்னலிலிருந்து அவர் அந்தப் பிள்ளைகளுக்குக் கை காட்டுகிறார். நான் அவர்கள் முதுகில் தொங்கும், யாரும் தரையில் கொட்டிப் பார்க்காத பைகளைப் பார்க்கிறேன்.