பாராட்டியதை வாபஸ் வாங்குகிறேன்

"மாமா, அன்னிக்கு ஒரு பத்தி எழுதுனீங்களே... அத வாபஸ் வாங்குங்க."

போன ஞாயிற்றுக்கிழமை காலை. நான் இட்லியில் கை வைத்திருந்தேன். லேப்டாப்பும் கையுமாக எதிரே நிற்கிறாள் கலையரசி. என் மனைவியின் தங்கை. ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, அப்பாவோடு இருக்கிறாள்.

"எந்தப் பத்தி?"

"இன்னா மாமா, தெரியாத மாதிரி கேக்குறீங்க? இறால் வறுவல் துன்னுட்டு வந்து எழுதுனீங்களே, அது."

எனக்குச் சுருக்கென்றது. இட்லியைத் தட்டிலேயே விட்டேன்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சில மாதங்களுக்கு முன்பு ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி – பெயர் எதற்கு, விடுங்கள் – வெப்சைட் தயாரிக்கிறவர்களுக்கான தன்னுடைய டூல்களை 'ஓப்பன் சோர்ஸ்' ஆக்கியது. அதாவது, அதுவரை பூட்டி வைத்து விற்ற மென்பொருளின் உள்ளே இருக்கும் நிரல் வரிகளை – அவர்கள் பாஷையில் 'கோடு' – மொத்தமாக இணையத்தில் திறந்து வைத்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். நான் உருகி உருகிப் பாராட்டினேன். 'படித்ததும் கண் கலங்கிவிட்டது' என்று உங்களில் பலர் எழுதியிருந்தீர்கள்.

மன்னியுங்கள். அந்தக் கண்ணீர் வீண்.

அந்தக் கம்பெனியில் எட்டு வருடம் வேலை பார்த்தவள் கலையரசி. ஒரே வெப்சைட் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரி, போனில் ஒரு மாதிரி தெரியும் அல்லவா? எதில் எப்படித் தெரியும் என்று முன்கூட்டியே காட்டுகிற பகுதி அவளுடையது. ஆரம்பத்தில் அதில் தமிழ் எழுத்துகள் நாசமாகத் தெரிந்தனவாம். 'கோ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். தமிழுக்கு மட்டுமல்ல, மலையாளத்துக்கும் அதே கதி. யாரும் அவளைச் சரிசெய்யச் சொல்லவில்லை. மூன்று மாதம் மல்லுக்கட்டி அவளாகவே சரிசெய்தாள்.

சரியாகிவிட்டதா என்று சோதிக்க ஒரு தமிழ் வரி வேண்டும். அவள் கோடுக்குள் எழுதி வைத்த வரி இது: 'யோவ், கோவிந்தன் பஸ் போயிடுச்சா?'

கோவிந்தன் வேறு யாருமில்லை, என் மாமனார். மறைமலைநகரில் ஒரு கார் பாகத் தொழிற்சாலையின் கம்பெனி பஸ்ஸை இருபத்தைந்து வருடம் ஓட்டியவர். பஸ்ஸின் இரண்டு பக்கமும் கம்பெனி பெயர் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். ஆனால் காலை ஷிப்டுக்கு ஓடி வருகிற ஒரு தொழிலாளிகூட அந்தப் பெயரைச் சொன்னதில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி – கோவிந்தன் பஸ் போயிடுச்சா?

சரி, இறால் வறுவலுக்கு வருகிறேன்.

டூலைத் திறந்துவிடும் நாளை மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் கொண்டாடினார்கள். குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். என்னையும் அழைத்துப் போனாள் கலையரசி. 'உலகத்துக்குத் தந்தோம்' என்று அச்சடித்த டி-ஷர்ட். பெரிய திரை. கேக். புல்தரையில் நீளமாக பஃபே மேஜை.

மைக்கைப் பிடித்த மேனேஜர் கடற்கரைக் கோயில் இருக்கும் திசையைக் காட்டிச் சொன்னார்: "அதோ, அத்தனை சிற்பங்கள். எந்தச் சிற்பியாவது தன் பெயரைச் செதுக்கினாரா? நாமும் அப்படித்தான். நம் பெயர் முக்கியமில்லை, படைப்புதான் முக்கியம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நானும் தட்டினேன். ஒரு கையில் தட்டு இருந்ததால் தொடையில் தட்டினேன். அந்த வாரப் பத்தியை அந்த வாக்கியத்தில்தான் ஆரம்பித்தேன்.

மூன்றே வாரம். கலையரசியையும் அவள் டீமில் இருந்த எல்லாரையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். காரணம்? 'டூலை இனிமேல் சமூகம் பார்த்துக்கொள்ளும்.'

சமூகம் என்றால் யார்? நானும் அப்பாவியாக அவளைக் கேட்டேன்.

"சம்பளம் வாங்காம வேல செய்யறவங்க மாமா. அதுக்குத்தான் அந்தப் பேரு."

அப்போதுகூட அவள் இவ்வளவு உடைந்து போகவில்லை. பரவாயில்லை, கோடுதான் வெளியே வந்துவிட்டதே, எவன் கேட்டாலும் காட்டலாமே என்று தைரியமாக இருந்தாள். எட்டு வருடமாக 'நீ என்ன வேலை செய்கிறாய்' என்று கேட்டவர்களுக்கெல்லாம் 'கம்பெனி ரகசியம்' என்று சிரித்து மழுப்பியவள். இனிமேல் மழுப்ப வேண்டாம் என்று நினைத்தாள்.

ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. எதிரே இருந்தவர் இவளைவிட வயதில் சின்னவர். "வெளியே பார்க்கிற மாதிரி நீங்க எழுதின கோடு ஏதாவது இருக்கா மேடம்?" என்று கேட்டிருக்கிறார். இவள் பெருமையாக அந்த டூலைத் திறந்து காட்டியிருக்கிறாள். அவர் கலையரசி என்று அடித்துத் தேடினார்.

ஒன்றும் வரவில்லை.

இனிஷியலோடு தேடினார். ஆபீஸ் ஈமெயிலைப் போட்டுத் தேடினார். ஊஹூம்.

கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த மாதிரி வேலையில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதிவு உண்டு. யார் செய்தது, எந்தத் தேதியில், எதற்காக... எல்லாம் வரிசையாக இருக்கும். எட்டு வருடத்தில் கலையரசியின் பெயரில் மட்டும் ஆயிரக்கணக்கான பதிவுகள். ஆனால் வெளியே விட்டபோது பழைய பதிவு மொத்தத்தையும் கழித்துவிட்டு, ஒரே ஒரு பதிவாக ஏற்றியிருக்கிறார்கள். 'முதல் பதிவு'. செய்தவர் என்ற இடத்தில் கம்பெனியின் பெயர். யாரோ ஒரே நாளில் உட்கார்ந்து எழுதி முடித்த மாதிரி!

"சொல்றதுக்கென்ன மேடம், யார் வேணும்னாலும் சொல்லலாம்" என்றாராம் அந்தப் பையன்... மரியாதையாகத்தான்.

பழைய மேனேஜருக்குப் போன் போட்டாள். 'இவள் எழுதியதுதான்' என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? "பாலிசி இல்லம்மா, ஹெச்.ஆர். மட்டும்தான் பேசணும்" என்று வைத்துவிட்டார். ஹெச்.ஆர். என்ன பேசும்? சேர்ந்த தேதி, விலகிய தேதி. அந்த வேலை கிடைக்கவில்லை.

இதைவிடப் பெரிய கொடுமை ஒன்று இருக்கிறது. அதை அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

கோடுக்கு நடுவே எழுதியவர்கள் தங்கள் பெயரோடு சின்னச் சின்னக் குறிப்புகள் வைப்பது வழக்கம். 'இதை மாற்றும் முன் என்னிடம் கேட்கவும் – கலை' என்பது போல. வெளியிடுவதற்கு முன்னால் அந்தத் தனிப்பட்ட விவரங்களை எல்லாம் நீக்க வேண்டும் என்று ஒரு வேலை வந்தது. யாரிடம் கொடுத்தார்கள்? இவளிடம்தான். சிறுசேரி ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்து, மூன்று வாரம், சனிக்கிழமை உட்பட, ஒரு பெயர் விடாமல் தேடித் தேடி அழித்தாள். தன் பெயரையும்.

"விருந்தாளி வர்றாங்கன்னா வூட்டப் பெருக்கித் தொடைச்சு வெப்போம்ல மாமா, அப்படித்தான் நெனச்சேன். குறிப்புல போனா இன்னா, பதிவுல நம்ம பேரு இருக்கும்ல, அத யாரு எடுக்கப் போறாங்கன்னு..."

டீம் பெயர்களைத் தனிப் பட்டியலாகவாவது போடலாமே என்று கேட்டிருக்கிறாள். கண்டிப்பாக, அடுத்த வெர்ஷனில், என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வெர்ஷன் வந்தது. பட்டியலும் வரவில்லை, டீமும் இல்லை.

அந்த இன்டர்வியூ முடிந்து வந்த அன்றைக்கு அப்பாவிடம் லேப்டாப்பைக் காட்டினாளாம். சோதனை வரியை மட்டும் அவள் அழிக்கவில்லை. அது யாருடைய குறிப்பும் இல்லையே, டூலின் ஒரு பாகம்தானே? மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார்.

"அட, என் பேரு கீது! உன் பேரு எங்கம்மா?"

"தேடிக்கினு கீறேன் நைனா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாளாம்.

இதையெல்லாம் கேட்டும் என் புத்தி எங்கே போயிற்று பாருங்கள். நான் அவளைச் சமாதானப்படுத்தக் கிளம்பினேன். உங்கப்பா ஓட்டின பஸ்ஸில் போனவர்கள் செய்த பிரேக்கில் எவன் பெயராவது இருக்கிறதா, உலகத்தில் பாதி வேலை பெயரில்லாமல்தான் நடக்கிறது என்றெல்லாம் ஆரம்பித்து, சிற்பிகள் வரைக்கும் போய்விட்டேன்.

அவளுக்குப் பின்னாலேயே வந்து சோபாவில் உட்கார்ந்திருந்த மாமனாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா மாப்ள பேசுறீங்க? எங்களுக்கு ஷிப்டு முடிஞ்சா வூடு. இது உன் கொழந்த மாதிரி, ராவும் பகலும் பாத்துக்கோன்னு எங்கள எவனாச்சும் சொன்னானா? இவளச் சொன்னாங்களே! சொல்லிட்டு, கொழந்தயத் தூக்கிக்கினு பூட்டானுங்க."

"சிற்பி பேரு இல்ல, சரி" என்றாள் கலையரசி. "ராஜா பேரு ஊருக்கே கீதே மாமா? மாமல்லபுரம்னு இன்னிக்கும் போர்டு வெச்சுக்கினு தானே கீறாங்க?"

ரிசார்ட்டுக்குப் போகும் வழியில் அந்த போர்டை நானும்தான் பார்த்தேன். பத்தியில் எழுதத் தோன்றவில்லை. வாய் நிறைய இறால்.

சரி, இத்தனை நாள் சும்மா இருந்தவள் அன்றைக்கு ஏன் இட்லி நேரத்தில் வந்து நின்றாள்?

எங்கோ ஒரு ஊரிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் அந்த டூலில் ஒரு மாற்றம் செய்திருக்கிறார். அதில் தமிழ் மறுபடியும் உடைந்துவிட்டது. சோதனை வரி உடனே சிவப்பு விளக்கு காட்டியது. அதுதானே அதன் வேலை! அதற்கு அந்த ஆள் எழுதியிருக்கிறார்: 'இந்த வரி என்னவென்றே புரியவில்லை. யார், எதற்கு வைத்தார்கள் என்பதற்கும் பதிவு இல்லை. நீக்கிவிடலாம்.' கீழே நாலைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கிச் சம்மதம் வேறு சொல்லியிருந்தார்கள். காய்ச்சலைக் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரைத் தூக்கிப் போடுகிற புத்திசாலிகள்.

கலையரசிக்கு வேலை இல்லை. அது அவள் கம்பெனியும் இல்லை. ஆனாலும் சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து உடைந்ததைச் சரிசெய்து, 'வரியை நீக்காதீர்கள், இது இதற்காக' என்று விளக்கமும் எழுதி, ஞாயிறு காலை அனுப்பியிருக்கிறாள். அடுத்த நொடி தானியங்கிப் பதில். அதைத்தான் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

'வரவேற்கிறோம்! இது உங்கள் முதல் பங்களிப்பு. புதியவர்களை நாங்கள் நேசிக்கிறோம்.'

அதன் கீழே ஒரு கட்டம். டிக் அடித்தால்தான் திருத்தம் ஏறும். 'இது என் சொந்த எழுத்து என்று உறுதி அளிக்கிறேன். இதைப் பயன்படுத்தும் முழு உரிமையையும் கம்பெனிக்குத் தருகிறேன்.'

"எட்டு வருஷத்துல மொதத் தடவ, இது உன்னுதுதானான்னு கேக்குறாங்க மாமா" என்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "டிக் அடிக்காதே! உடைஞ்சு நாசமாப் போகட்டும்!" என்று கத்தினேன்.

"நாசமாப் போனா அவனுக்கா நஷ்டம்? தமிழ்தான் உடைஞ்சு தெரியும். அப்புறம் அந்த வரிய எடுத்துடுவாங்க. அதுல நைனா பேராச்சும் கீது."

டிக் அடித்துவிட்டாள். மாமனார் எழுந்தார். வாசலில் போய் நின்றுகொண்டார்.

ஓப்பன் சோர்ஸ் என்பதே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. செங்கல்பட்டுக் கல்லூரியில் ஒரு பிள்ளை அந்த டூலைக் காசில்லாமல் கற்றுக்கொள்கிறது, நல்லதுதான். ஆனால் நான் பாராட்டியது யாரை? கொடுத்தவர்களை என்று நினைத்தேன். கொடுத்தவர்கள் வேறு, மைக் பிடித்தவர்கள் வேறு. ஆகவே அந்தப் பத்தியை இதன் மூலம் வாபஸ் வாங்குகிறேன். இறாலைத் திருப்பித் தர வழியில்லை.

இதை எழுதி முடித்து அவளிடம் காட்டினேன். உன் முழுப் பெயரை இனிஷியலோடு, கொட்டை எழுத்தில் போடப் போகிறேன், இங்கேயாவது ஒரு பதிவு இருக்கட்டும் என்றேன். பதறிப் போனாள்.

"ஐயோ, வேணாம் மாமா! வேல தேடிக்கினு கீறேன். பேரத் தேடுனா இது வந்து நிக்கும். கம்பெனியப் பத்திப் பேசறவன்னு எவனும் எடுக்க மாட்டான். நைனா பேரையும் மாத்திடுங்க."

உட்கார்ந்து, தேடித் தேடி, ஓரிடம் விடாமல் மாற்றினேன்.

கலையரசி என்பது அவள் பெயர் இல்லை.