மேஸ்திரி பார்த்து எடுத்த ஆள்

பௌதிலியோ கார்கமோவை வாழ்க்கையில் யாரும் முதல் ஆளாகக் கூப்பிட்டதில்லை. பிறந்தபோதே இரட்டையில் இரண்டாவது. மருத்துவச்சி முதல் குழந்தையைக் கழுவித் துடைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாளாம், பாதி வழியிலிருந்து திரும்ப அழைத்து வந்தார்களாம். பள்ளிக்கூடத்தில் பந்தாட்டத்துக்கு ஆள் பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுவது அவரும் ஒரு நொண்டி நாயும். நாயை எடுத்துக்கொள்வார்கள். மனைவி ரொசால்பாவைக்கூட நாலு வருஷம் சுற்றி வந்து கேட்டுத்தான் கட்டினார். அவள் மனதில் முதலில் இருந்தது ஒரு ரொட்டிக்கடைக்காரன். இதெல்லாம் அவரே சொன்னது. நான் சேர்த்தது கொஞ்சம்தான்.

வல்பரைசோ துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷமாகச் சரக்கு இறக்குகிறார். நிரந்தர வேலை இல்லை. ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால் ஆட்கள் வாசலில் கூடுவார்கள். மேஸ்திரி ஒரு பெட்டியின் மேல் ஏறி, முகம் முகமாகப் பார்த்துப் பெயர் சொல்லுவார். பெயர் வந்தவன் தன் பெயரைத் திரும்பச் சொல்லிவிட்டு உள்ளே போகலாம். வராதவன் மலையேறி வீட்டுக்குப் போகலாம். அந்த வாசலுக்கென்று எழுதாத சட்டம் ஒன்று உண்டு: கையைத் தூக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, மேஸ்திரியின் கண்ணைப் பார்க்கக் கூடாது. "நான் இருக்கேன்" என்று கத்துகிறவனை அவர் ஒரு வாரத்துக்குக் கூப்பிட மாட்டார். பாக்கெட்டிலிருந்து கைகளை வெளியே எடுத்துத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். அப்படி நிற்பதில் பௌதிலியோவை மிஞ்ச ஆள் கிடையாது. அவ்வளவு நன்றாக நின்றதால் யார் கண்ணிலும் படவில்லை. இருபது பேர் வேண்டுமென்றால் இருபதாவது ஆள் அவர். பத்தொன்பது போதுமென்றால் வீடுதான்.

எங்கள் மலையின் படிக்கட்டு செங்குத்தானது. கையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கு நழுவினால், நாம் வாய் திறந்து திட்டுவதற்குள் அது கப்பலேறிப் பெருவுக்குப் போயிருக்கும். நூற்று நாற்பதாவது படியில் பௌதிலியோவின் தகர வீடு. அதற்கு மேலே என் வீடு. கீழே சுனில்தா ஒயார்ஸேயின் மளிகைக் கடை. எதிர்ப்பக்கம் ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர் எர்மெஸ் வில்லாக்ரா. ரொசால்பா இறந்த பிறகு ஆறு வருஷமாக பௌதிலியோ நேராக வீட்டுக்கு வந்ததே இல்லை. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இருட்டும் வரை துறைமுகத்து ஒயின் கடையில் உட்கார்ந்துவிட்டுத்தான் படியேறுவார்.

எங்கள் மலையில் ஒரு பூனை உண்டு, மலைக்கே பொதுவானது. சாம்பல் நிறம், ஒரு காது பாதி. காலையில் கடையில் ஹாம் இறைச்சி சீவிய ஓரங்கள், மதியம் ஆய்வாளர் வீட்டில் மெர்லூசா மீன். கடையில் அதன் பெயர் அட்மிரல், ஆய்வாளர் வீட்டில் பிளாட்டோ. அது சுவரிலிருந்து குதித்தால் என் அலமாரியில் கோப்பைகள் ஆடும். இரண்டு முறை நிலநடுக்கம் என்று நினைத்து ஆட்கள் உள்ளாடையோடு தெருவுக்கு ஓடி வந்திருக்கிறார்கள்.

மே மாதத்தில் ஒரு மழை நாள். அன்று பௌதிலியோவுக்கு வேலை இல்லை. ஒயின் கடையிலும் கூரை ஒழுகியதால் மத்தியானமே ஏறி வந்தார். நூற்று நாற்பதாவது படியில் பூனை உட்கார்ந்திருந்தது. மறுநாள் என்னிடம் சொன்னார்:

"தலையிலேருந்து கால் வரைக்கும் பாத்துச்சுங்க, தோன்யா ஒதில்யா. அசல் நம்ம மேஸ்திரி பாக்குற பார்வை. நானும் பழக்க தோஷத்துல கையை வெளிய எடுத்துட்டு நின்னுட்டேன்."

"மழையிலயா?"

"மழையிலதான். அப்புறம் எழுந்து எனக்கு முன்னாடி வீட்டுக்குள்ள போயிடுச்சு."

வீட்டில் இருந்தது காய்ந்த ரொட்டியும் தேநீரும். ஹாமும் மீனும் தின்கிற பூனை, தேநீரில் தோய்த்த ரொட்டியைத் தின்றுவிட்டு ரொசால்பாவின் நாற்காலியில் ஏறிப் படுத்தது. அவர் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தார். அன்றிலிருந்து ஒயின் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். "கதவு சாத்தியிருந்தா அது எப்படிங்க உள்ள போகும்?" என்பது அவர் சொன்ன காரணம். வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் கதவிடுக்கில் ஒரு பழைய பூட்ஸைச் செருகி வைத்தார்.

"கதவுல ஒரு ஓட்டை போட்டா முடிஞ்சுது. ரம்பம் நான் தரேன்," என்றேன்.

"அடுத்தவங்க பூனைக்கு நான் எப்படிங்க ஓட்டை போடறது?" என்றார்.

இப்படியே ஆகஸ்ட் வந்தது. பூனை கடையில் தூங்குவதை விட்டுவிட்டதால் எலிகள் அரிசி மூட்டைக்குள் குடியேறிவிட்டன. சுனில்தா கையில் துடைப்பத்தோடு படியேறி வந்தாள்.

"யோவ் கார்கமோ! என் அட்மிரலை என்ன மாயம் பண்ணி வச்சிருக்க? எட்டு வருஷமா ஹாம் போட்டு வளத்தவ நான்!"

எதிர் ஜன்னல் திறந்தது. "மன்னிக்கணும் தோன்யா சுனில்தா. மீன் போட்டது நான். அதோட எடையில முக்கால்வாசி என்னோடது," என்றார் எர்மெஸ்.

"மீனா? முள்ளைத் தவிர என்னத்தக் கண்டுச்சு உங்க வீட்ல?"

பௌதிலியோ உள்ளே போனார். நாற்காலியில் தூங்கிய பூனையைத் தூக்கி வந்து சுனில்தாவின் கையில் வைத்தார். "எடுத்துட்டுப் போங்க. உங்களோடதுதான்." பிறகு பூட்ஸைக் காலால் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். அன்று மாலை மறுபடி ஒயின் கடை. அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும்.

சுனில்தா பூனையைக் கடைக்குள் பூட்டி வைத்தாள். அது அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து அழுத அழுகையில் துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்று, ஏதோ சங்கு என்று நினைத்துப் பதில் சங்கு ஊதியது. மலைக்காரர்கள் பொறுக்க முடியாமல் குடியிருப்போர் சங்கத்தைக் கூட்டினார்கள். அங்கே குறிப்பெழுதுகிறவள் நான். யோசனை சொன்னதும் நான்தான்: துறைமுகத்தில் ஆள் எடுக்கிற மாதிரியே செய்வோம். கேட்கிறவர்கள் வரிசையில் நிற்கட்டும், பூனை பார்த்து எடுக்கட்டும்.

"என் பேரை எழுதாதீங்க. எனக்கு அதெல்லாம் ஒத்து வராது," என்றார் பௌதிலியோ.

"எழுதியாச்சு. மையில," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் படிக்கட்டுத் திருப்பத்தில் மலையே கூடிவிட்டது. சுனில்தா சிவப்புக் கோட்டு போட்டு, ஒரு தட்டு நிறைய ஹாமோடு வந்தாள். எர்மெஸ் டை கட்டி, முழு மெர்லூசா ஒன்றை அவித்துக் கொண்டு வந்திருந்தார். பௌதிலியோ வழக்கம்போல வரிசையின் கடைசியில், விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நின்றார். வெறுங்கை.

"ஒரு துண்டு ரொட்டியாவது கொண்டு வரக் கூடாதா?" என்று அவர் காதைக் கடித்தேன்.

"வாசல்ல நிக்கும்போது எதையும் நீட்டக் கூடாதுங்க. மரியாதை இல்ல."

பூனையை அடைத்துக் கொண்டுவந்த பெட்டியைத் திறந்தேன்.

"அட்மிரலு! வாடா என் ராசா, வாடா தங்கம்!"

"பிளாட்டோ. இங்க வா. நேரா வா."

பௌதிலியோ கைகளைத் தொங்கவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கூப்பிடுய்யா! வாய் நிறைய எம்பனாதாவைத் தின்னுட்டா நிக்கிற?" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

அவர் உதடு அசையவில்லை. கூப்பிடாமல் எந்தப் பூனை வரும்? துறைமுகத்து ஆளைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள்.

பூனை சோம்பல் முறித்தது. நேராக ஹாமிடம் போய்த் தட்டைக் காலி செய்தது. சுனில்தா எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள். அடுத்து மீன், முள்ளை மட்டும் ஒழுங்காக ஒதுக்கி வைத்தது. எர்மெஸ் டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு பூனை படியின் நடுவில் உட்கார்ந்து, அன்று காலைப் பிரசங்கம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் முகம் கழுவியது. அப்புறம் எழுந்து விளக்குக் கம்பத்தைச் சுற்றிப் போனது. பௌதிலியோவைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தது. அவருடைய வலது பூட்ஸின் மேல் தன் முழு எடையையும் வைத்து உட்கார்ந்தது.

அவர் தொப்பியைக் கழற்றினார். "கார்கமோ," என்றார். பெயர் வந்தால் சொல்வது அதுதானே. முதல் ஆளாகச் சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் பாதியில் நின்றுவிட்டது. சிரிக்கத் தொடங்கியவர்கள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"என் ஹாமைத் தின்னுட்டு அவன் பூட்ஸு மேல உக்காருது பாரு, நன்றி கெட்ட சனியன்," என்றாள் சுனில்தா.

"முறைப்படி ரெண்டாவது சுத்து ஒண்ணு வைக்கணும்," என்றார் எர்மெஸ்.

"ரெண்டாவது சுத்துக்கு மீன் இருக்கா?" என்றேன்.

"இல்ல."

"அப்ப முடிஞ்சுது," என்று எழுதிக்கொண்டேன்.

முந்தின நாள் கொடியில் காய்ந்த பௌதிலியோவின் காற்சட்டையில் நான் மத்தி மீன் எண்ணெய் தடவிவிட்டதாக சுனில்தா இன்றுவரை சொல்லித் திரிகிறாள். சுத்தப் பொய். அன்று என் வீட்டில் மத்தியே இல்லை.

அந்த ஞாயிறு மத்தியானமே பௌதிலியோ ரம்பம் கேட்டு வந்தார். பூனையின் இடுப்பை நினைத்து அளவெடுத்ததால் ஓட்டை அண்டா மூடி அளவுக்கு ஆகிவிட்டது. செப்டம்பர் முழுக்கக் கடல் காற்று அதன் வழியாக நுழைந்து அவர் படுக்கை விரிப்பைத் தூக்கியது. கம்பளித் தொப்பியும் இரண்டு ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டுதான் தூங்கினார். பூனை இன்னும் காலையில் ஹாமுக்கும் மதியம் மீனுக்கும் போகிறது. சுனில்தாவின் எலிகளையும் போகிற போக்கில் பிடித்துக் கொடுக்கிறது. மாலை ஐந்து மணிக்கு நூற்று நாற்பதாவது படியில் வந்து உட்கார்ந்துவிடும். அவர் ஏறி வருவார், கைகளை வெளியே எடுத்துக்கொண்டு நிற்பார், அது பார்க்கும், இருவரும் உள்ளே போவார்கள். கதவு வழியாக. அந்த ஓட்டை வழியாகப் பூனை இதுவரை ஒரு முறைகூட நுழைந்ததில்லை.

"அதான் ஓட்டையில போறதே இல்லையே, ஒரு பலகை அடிச்சு மூடிடலாமே. குளிருது பாருங்க," என்றேன் ஒரு நாள்.

"இருக்கட்டுங்க, தோன்யா ஒதில்யா," என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டே. "என் பூனையோட ஓட்டை அது."