இணையம் ஏறிய மயில் பார்டர்

பழசையெல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுவது என் வேலை. ஆரணியில் இதைச் சொன்னால், "அது சரி, பொழப்புக்கு இன்னா பண்றீங்க?" என்பார்கள். ஸ்கேனரும் கையுமாக அலையும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா!

அட்டை வந்த கதை

பழைய பட்டுப்புடவை டிசைன்களை உலகத்துக்கே இலவசமாகக் காட்டுவது எங்கள் திட்டம். 'இலவசம்' என்றதுமே நெசவாளர் வீட்டுக் கதவு பாதி சாத்திக்கொள்ளும். ஏழுமலை அண்ணனுக்கு மட்டும் ஒரு சபலம். அவர் அப்பா போட்ட மயில் பார்டரைத் தேடித்தான் முகூர்த்த சீசனில் ஆள் வருகிறது. விசைத்தறிக்காரர் கண்ணில் அது பட்டால் பிழைப்பு போச்சு. ஆனால் இணையத்தில் அப்பா பெயர் வருமே!

போகும்போதெல்லாம் டீ கொடுத்துத் திருப்பி அனுப்பியவர், ஒருநாள் அவரே கூப்பிட்டார். தறியில் மாட்டுகிற ஓட்டை போட்ட அட்டைகளை, நூலில் கோத்தபடியே என் மடியில் வைத்தார். அந்த ஓட்டைகளும் அட்டை வரிசையும்தான் டிசைன். "பத்திரமா புடிச்சிக்கோ தம்பி. அப்பா பேர மட்டும் பெரிய எழுத்துல போடு."

பஜாருக்கு வந்த மயில்

வரிசை மாறாமல் ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டு, அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தேன். மேலிடத்தில் ஏகப் பாராட்டு. கொஞ்ச நாளில் பஜாரில் விசைத்தறிப் புடவை தொங்கியது. என் படத்தைப் பார்த்தே அட்டை அடித்திருக்கிறார்கள்! அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பேன்? புடவையோடு ஓடினேன்.

விரித்துப் பார்த்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். மயிலின் தலை வால் பக்கம் முளைத்திருந்தது. "உன்ன நம்புவேன் தம்பி, ஊர நம்புவனா? அட்டைய எடம் மாத்திக் கோத்துதான் குடுத்தேன். நெய்யட்டும், நல்லா நெய்யட்டும்!"

ஒரிஜினல் எது?

சிரித்து ஓய்வதற்குள் முகூர்த்த சீசன் வந்துவிட்டது. வந்தவர்கள் கையிலெல்லாம் போன். போனில் எங்கள் இணையதளம், அதில் அட்டைகளுக்குப் பக்கத்திலேயே 'நெய்தால் இப்படி' என்று மேலிடம் சேர்த்திருந்த பஜார் புடவைப் படம். செய்யாற்றிலிருந்து கல்யாணப் பெண்ணோடு வந்த அம்மா, அண்ணன் நெய்த நிஜ மயிலைப் போனோடு ஒத்துப் பார்த்தார். புடவையைப் பட்டென்று தள்ளிவிட்டார்.

"இன்னாங்க, டூப்ளிகேட்ட நம்ம தலைல கட்டப் பாக்கறீங்க? ஒரிஜினல்ல தலை பின்னாடி இல்ல இருக்குது!"

திருத்தம்

"பேஜாராப் போச்சு தம்பி, ஜல்தி மாத்திடு" என்று அண்ணன் சரியான வரிசையைக் கொடுத்தார். மேலிடத்துக்கு எழுதினேன். பாரம்பரியத்தில் கைவைக்கக் கூடாதாம். அந்த அபூர்வ மயிலைப் பற்றி யாரோ ஆராய்ச்சி வேறு செய்துகொண்டிருக்கிறார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்கேனரைக் கமண்டல நாக நதியில் வீசியிருப்பேன். ஆபீஸ் சொத்து, வீசவில்லை.

விஷயத்தைச் சொல்லப் போனபோது, அண்ணன் தறியிலிருந்து நல்ல அட்டைகளை இறக்கிக் கோத்த நூலை அறுத்து, போனில் இருந்த வரிசைப்படி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இனிமே இதாம்பா எங்கப்பா போட்ட மயிலு. அந்த முனைய கொஞ்சம் புடி."

அழியாமல் காப்பதுதான் எங்கள் தொழில். எதை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.