கற்பூரம் அடித்த ஓட்டு

பேளுக்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், மலைமேல் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு வரலாறும் குடிமையியலும் நடத்துகிறவள் நான். போகும்போதே தலை சுற்றும். ஜனநாயகம் என்று கரும்பலகையில் எழுதும்போது இன்னும் கொஞ்சம் சுற்றும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு எனக்கு ஒரு வேண்டாத ஆசை வந்தது. ரகசிய வாக்கெடுப்பை வாயால் சொன்னது போதும், நடத்தியே காட்டிவிடலாம் என்று. ஜெயிக்கிற பிள்ளை கிராம சபையில் பள்ளிக்காகப் பேசலாம் என்று ஊராட்சித் தலைவரிடம் சம்மதமும் வாங்கினேன். தூரத்திலிருந்து நடந்து வரும் ஒரு பெண் உடனே பேர் கொடுத்தாள். அவள் கேட்க நினைத்தது சாயங்காலம் ஒரு பஸ். பதினொன்றாம் வகுப்புக்கு வேறு ஊர் போக வேண்டும். பஸ் இல்லாவிட்டால் அவள் படிப்பு பத்தோடு சரி. எதிர்த்து நின்றவன் ஊர்ப் பெரியவரின் மகன். அவனுக்குக் கேட்க ஒன்றும் இல்லை.

சாக்பீஸ் டப்பாதான் ஓட்டுப்பெட்டி. இருபத்திரண்டு சீட்டையும் நானே பிரித்துச் சத்தமாக வாசித்தேன். இருபத்திரண்டும் அவனுக்கு.

எல்லோரும் போனபின் அவளை நிறுத்தினேன். எனக்குக் கோபம் அவள்மேல்தான் வந்தது.

"உன் ஓட்டையாவது உனக்குப் போட்டிருக்கலாமில்ல கண்ணு?"

"நேத்து ஊர்ப் பெரியவரு எங்க எல்லாத்தையும் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி, கற்பூரம் அடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க டீச்சர். பொட்டப்புள்ள சபையில பேசக் கூடாதாமுங்க."

"மடிச்சுப் போட்ட சீட்டு. யாருக்குத் தெரியப் போவுது?"

"சாமிக்குத் தெரியுமுங்களே டீச்சர்."

சாக்பீஸ்களைத் திரும்ப டப்பாவில் அள்ளிப் போட்டேன்.

கிராம சபையில் அவன் எழுந்து, "எங்களுக்கு ஒரு குறையும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பஸ் வரவில்லை. அவள் இப்போது மிளகு பறிக்கப் போகிறாள். காலையில் என் பஸ் கடக்கும்போது ரோட்டோரம் ஒதுங்கி நிற்பாள். முதல் வருடம் கை ஆட்டினாள், இப்போது இல்லை. நான் அதே பாடத்தை அதே கரும்பலகையில் நடத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு வரியைக்கூட நம்ப முடியவில்லை.

அந்த வருட அரையாண்டுத் தேர்வில், ரகசிய வாக்கெடுப்பின் நன்மை என்ன என்று கேட்டிருந்தேன். 'யாருக்கும் அஞ்சாமல் நம் விருப்பப்படி வாக்களிக்கலாம்' என்று, நான் எழுதிப் போட்டதை ஓர் எழுத்துப் பிசகாமல் அவள் எழுதியிருந்தாள். சிவப்பு மையில் இரண்டுக்கு இரண்டு போட்டேன்.