சரிவில் மாற்றிய கியர் பாக்ஸ்

வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் மனைவியை டயாலிசிஸுக்குப் போளூர் அழைத்துப் போக வேண்டும். மலைமேல் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து முதல் பேருந்து கிளம்பும் நேரத்தில் அவள் அங்கே படுக்கையில் இருக்க வேண்டும். அதனால் எங்கள் பழைய காரை விட்டால் வேறு வழியில்லை. இறக்கத்தில் அதன் இரண்டாம் கியர் தானாகக் கழன்றுகொள்ளும். ஒரு வெள்ளிக்கிழமை ஏழு முறை கழன்றது. ஏழாவது முறை ஒரு வளைவில், மைல்கல்லில் இடித்துத்தான் நின்றோம்.

"இனிமே நான் இதுல வரமாட்டேன்," என்றாள். வராவிட்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும்.

அடிவாரத்தில், சந்தவாசல் மெக்கானிக்கின் கொட்டகையில் அதே கம்பெனிக் கார் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. எங்கள் காரைவிட நான்கு வருடம் இளையது. அதன் கியர் பாக்ஸைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, திங்கள் காலை மலைக்குக் கொண்டுவந்தார். எங்கள் வாசலிலேயே வேலை. பழையதை ஜாக்கி மேல் இறக்கினார், வந்ததை ஏற்றினார். கழற்றிய போல்ட்டுகளை எண்ணி வைத்திருந்தேன்: பதினொன்று. பதினொன்றும் திரும்ப ஏறின.

ஆயில் ஊற்றும்போதுதான் எனக்கு உறுத்தியது. பெட்டியின் பக்கவாட்டில், பின்பக்கமாக இருக்கும் ஓட்டையில் ஊற்ற வேண்டும். வழிந்தால் நிறைந்ததாகக் கணக்கு. ஒன்றேகால் லிட்டரிலேயே வழிந்துவிட்டது. காரோடு வந்த புத்தகத்தில் இரண்டு லிட்டர் என்று இருந்தது.

"அதான் வழிஞ்சிடுச்சே சார். புக்கு இன்னா, ஆயிலக் குடிச்சா பாத்துச்சு?"

"வண்டி மூக்கத் தூக்கிக்கினு நிக்குது. ஆயில் பூரா பின்னால சாஞ்சிருக்கும்," என்றேன்.

அவர் குனிந்து வாசலைப் பார்த்தார். கீழே சமதரையிலேயே வேலை செய்பவர். தரை சாய்ந்திருக்கும் என்று தோன்றவே இல்லை.

எங்கள் ஊரில் சமதரை என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேழ்வரகு அடிக்கும் களம் ஒன்றுதான். காரைக் கொஞ்ச நேரம் அங்கே நிறுத்தலாமா என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டேன்.

"செருப்பயே உள்ள வுடமாட்டோம், காரு வரணுமா? நல்லா கேட்டீங்க போங்க!"

திரும்பி வந்தேன். மெக்கானிக் கீழே போகும் பேருந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். மனைவி சாப்பாட்டுத் தட்டில் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து காருக்குள் தரையில் வைத்தாள். பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கித் தூக்கிச் சக்கரங்களுக்கு அடியில் கல் அடுக்கினோம். ஒன்பதாவது கல்லில் தண்ணீர் தட்டின் விளிம்பைச் சுற்றிலும் ஒரே மட்டத்தில் தொட்டது. மறுபடி ஊற்றினார். ஒரு மூடி குறைய முக்கால் லிட்டர் உள்ளே போயிற்று.

"அம்மா, நீங்க எங்கொட்டாய்க்கு வேலைக்கு வந்துடுங்க," என்றார் மெக்கானிக். "சார் இங்கியே இருக்கட்டும், எண்ணிக்கினு."

மறுநாள் அவளே கதவைத் திறந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். அடிவாரம் வரை கியர் ஒருமுறைகூடக் கழலவில்லை. ஆஸ்பத்திரி திறக்க இருபத்திரண்டு நிமிடம் இருந்தது. படியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் தூங்கியிருப்பேன்," என்றாள். "நீங்கதான் அவசரப்படுத்துனீங்க."