பிள்ளையாருக்குப் பூ, பிரேக்குக்கு ஒன்றுமில்லை

இத்தாலியில் நாங்கள் இருந்த ஊரின் பல்லரோச் சந்தைக்குப் பின்னால் கராஜ் வைத்திருந்த மெக்கானிக் அவர். விரல்கள் தடித்தவை. எதையும் தொடுமுன் கையைத் துணியில் துடைப்பார்.

மகன் பழையதாக வாங்கிய ஜீப்பை வருடக்கணக்காக நாங்கள் திருத்தவேயில்லை. எஞ்சின் ஒயில் தார் போல வழிந்தது. பிரேக் கட்டை முழுதும் தேய்ந்திருந்தது. அதில்தான் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

கடைசியில் அவரிடம் கொண்டுபோன அன்று, ஜீப்புக்குள் இருந்த பிள்ளையார் படத்தில் நான் காலையில் வைத்த பூ வாடவில்லை.

“சிஞ்ஞோரா, இவருக்குப் புதுப் பூ. பிரேக்குக்கு ஒண்டுமில்லையோ?” என்று இத்தாலியனில் கேட்டார்.

மகன் அதைத் தமிழில் சொல்வதுபோல என்னிடம், “படம் வடிவாம் அம்மா,” என்றான்.

“ஓம்,” என்று தலை குனிந்தேன். இத்தாலியர் வீடுகளில் வேலை செய்து பழகிய எனக்கு இத்தாலியன் விளங்கும்.

வேலை முடிந்ததும் அவர் கையை இரண்டு தரம் துடைத்து, கழற்றிய படத்தை அதே இடத்தில் நேராக ஒட்டினார்.

அவர் முகம் எனக்கு ஞாபகமில்லை. நன்றி சொல்லும்போதும் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.